அப்பாவோட பழைய ரைபிளை விக்காதீங்க தம்பி

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு குலசேகரம் பக்கம். 14 வருஷம் கல்ஃப்ல இருந்துட்டு போன வருஷம்தான் ஊரோட வந்தேன். மூணு ஏக்கர் இருக்கு, பாதி ரப்பர், மீதி மரச்சீனியும் ஏத்தன் வாழையும். காட்டுப்பன்னி தொல்லை தாங்க முடியல, ஒரே ராத்திரியில நாப்பது மூடு மரச்சீனி போச்சு. குறைஞ்ச விலையில ஒரு போல்ட் ஆக்ஷன் ரைபிள் வாங்கலாம்னு இருக்கேன். யூடியூப்ல அமெரிக்காக்காரங்க ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ்னு காட்டுறாங்க, நம்ம காசுக்கு அம்பதாயிரம் பக்கம்தான் வருது. அப்பா எக்ஸ் மிலிட்டரி, 74 வயசு, அவர்கிட்ட லைசென்ஸோட ஒரு .315 ரைபிள் இருக்கு, 1987ல வாங்கினது. பழசாச்சு, அதை வித்துட்டு புதுசு எடுக்கலாமா? ஒரு புரோக்கர் வேற ஒரு செகண்ட் ஹேண்டை சீப்பா முடிச்சுத் தாறேன்னு சொல்லுகான். எது நல்லது, ஸ்கோப் எது போடலாம்?

பதில்:

தம்பி, நாப்பது மூடு போச்சுன்னு எழுதின இடத்துல எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு. எங்க விளையிலயும் போன மாசம் பன்னி இறங்கி ஏர் பூட்டி உழுத மாதிரி போட்டுட்டுப் போயிருக்கு, அதனால உங்க கோவம் எனக்குப் புரியுது. நான் பட்டாளத்துல 22 வருஷம் ஆர்மரரா, அதாவது துப்பாக்கி ரிப்பேர் பாக்குறவனா இருந்தவன், த்ரீ நாட் த்ரீ, எஸ்எல்ஆர், இன்சாஸ்னு பட்டாள ரைபிள் எல்லாம் இந்தக் கையால பிரிச்சு மாட்டியிருக்கேன், பென்ஷன் வந்தப்புறம் நாகர்கோவில்ல லைசென்ஸ் உள்ள ஒரு ரிப்பேர் கடையில வேலை பாக்கேன். அந்த அனுபவத்துல சொல்லுகேன், அப்பாவோட ரைபிளை விக்காதீங்க, உங்களுக்கு இதைவிட குறைஞ்ச விலையில நல்ல போல்ட் ஆக்ஷன், அதாவது கையால இழுத்துத் தள்ளித் தோட்டா ஏத்துற ரைபிள், வேற எங்கயும் கிடைக்காது. ஆனா அதையும் சரி புதுசையும் சரி, பன்னிக்காகன்னு மட்டும் நினைச்சு எடுக்காதீங்க. ரெண்டுக்கும் காரணம் இருக்கு, முதல்ல பன்னி விஷயத்தைப் பேசிருவோம், ஏன்னா அதுல தப்பு பண்ணினா ஜெயில்ல கொண்டுபோய் விட்டுரும்.

நம்ம நாட்டுல வேட்டைங்கிறதே 1972 வனவிலங்கு சட்டம், அதுக்கு 1991ல வந்த திருத்தம், அதோட முடிஞ்சு போச்சு. காட்டுப்பன்னி இப்ப அந்தச் சட்டத்துல ரெண்டாவது அட்டவணையில இருக்கு. பயிரை அழிக்கிற பன்னியைச் சுடணும்னா 11வது பிரிவு படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆபீசரோ காரணம் எழுதி உத்தரவு போடணும், கையில லைசென்ஸ் இருக்கு, நம்ம விளையிலதான் நிக்கின்னு நாமளா சுட முடியாது. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில ஒரு ஏற்பாடு வந்துச்சு. காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்னியைப் பிடிக்கவும் கூடாது சுடவும் கூடாது, 1ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சு காட்டுக்குள்ள கொண்டு விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுடணும். விஏஓ, பஞ்சாயத்து தலைவர், ஃபாரஸ்டர் சேர்ந்த கமிட்டி வழியா மனு போகணும். உங்க இடம் குலசேகரம் பக்கம்னு எழுதியிருக்கீங்க, அங்கயிருந்து பேச்சிப்பாறை, பெருஞ்சாணி பக்கம் போகப் போக காடு கிட்ட வந்துரும், அதனால உங்க விளை எந்தக் கணக்குல வருதுன்னு முதல்ல ரேஞ்சர் ஆபீஸ்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிடுங்க.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல சுடுறாங்களேன்னு நம்ம ஆளுங்க அடிக்கடி கேப்பாங்க. அங்க 2022ல இருந்து பஞ்சாயத்து தலைவருக்கே அந்த உத்தரவு போட அதிகாரம் கொடுத்திருக்கு, லைசென்ஸ் உள்ளவங்களைக் கூப்பிட்டு சுட வைக்கலாம். களியக்காவிளை தாண்டினா சட்டம் வேற, அதைப் பாத்துட்டு இங்க வந்து விரலை வெச்சா கேஸ்தான், இறைச்சியைப் பங்கு போட்டா அது தனி கேஸ்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. ஆர்ம்ஸ் ஆக்ட் 1959ல 13வது பிரிவுல பயிர்ப் பாதுகாப்புக்குன்னு சொல்லியிருக்கிறது ரைபிள் கிடையாது, வாய்வழியா மருந்து கெட்டிக்கிற மஸில் லோடர்தான், அது போதாதுன்னு அதிகாரிக்குத் தோணினா ஸ்மூத் போர், அதாவது பேரல் உள்ள ரைபிளிங்குங்கிற சுழல் வரி இல்லாத பன்னிரண்டு போர் (போர்னா பேரல் ஓட்டையோட அளவு) மாதிரி துப்பாக்கி, அது பேரல் 20 இஞ்சுக்குக் குறையக் கூடாது. சட்டம் எழுதினவங்க யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்க. .315 தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு மேல போயும் ஆளைக் கொல்லும். 2011 சென்சஸ்படி நம்ம மாவட்டத்துல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், ஒரு விளைக்கு ஒரு வீடு, விடியுறதுக்கு முன்னால ரப்பர் வெட்டப் போறவங்க தலையில லைட்டு கெட்டிட்டு தோட்டம் முழுக்க நடக்குற ஊரு. ராத்திரி மூணு மணிக்கு மரச்சீனி மூட்டுக்குள்ள அசையுறது பன்னிதான்னு எவனும் சத்தியம் பண்ண முடியாது. பாறையில பட்டு தெறிச்ச குண்டு எங்க போகும்னு சுட்டவனுக்கே தெரியாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பன்னிக்கு இப்ப உடனே செய்யக்கூடியதைச் சொல்லுகேன். அழிஞ்ச பயிரை வெட்டி எடுக்குறதுக்கு முன்னால போட்டோ எடுத்து விஏஓ கையெழுத்தோட வனத்துறையில நிவாரண மனு கொடுங்க, வேலி போடுறதா இருந்தா சோலார் வேலி, அதுக்கும் 2023ல விதி வந்திருக்கு, வனத்துறையில பதிவு பண்ணணும். ஈபி லைன்ல இருந்து நேரா கம்பியில கரண்ட் விடுறது, பன்னிப்படக்கம், அதாவது இரைக்குள்ள வெடி வைக்கிறது, ரெண்டும் நினைச்சுக்கூடப் பாக்காதீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளை செத்துரும், யானை வாய் கிழிஞ்சு சாகும்.

சரி, ரைபிளுக்கு வருவோம்.

நீங்க பாத்த வீடியோ பொய்யில்ல. ரூகர் அமெரிக்கனும் சாவேஜ் ஆக்சிஸும் நல்ல ரைபிள்தான். அது ஏன் சீப்புன்னு தெரிஞ்சா உங்களுக்கு ரைபிள் பாக்குற கண்ணு வரும், அதுக்காக சொல்லுகேன். பழைய காலத்துல பேரலை ஆக்ஷன்ல, அதாவது தோட்டா ஏத்திப் பூட்டுற பகுதியில முறுக்கி, தோட்டா உக்காருற ஆழத்தை, ஹெட்ஸ்பேஸ்னு சொல்லுவோம், ஒரு ஃபிட்டர் கையால ராவி ராவி சரி பண்ணணும். சாவேஜ் 1958ல இருந்தே மாடல் 110ல பேரல் நட்டுன்னு ஒரு முறை வெச்சிருக்கான், பேரலைத் திருகி, கேஜ் வெச்சு அளவு பாத்து, நட்டை இறுக்கிட்டா முடிஞ்சுது, ஃபிட்டர் வேலை மிச்சம். தோள்ல வைக்கிற ஸ்டாக்கு மரத்துல கிடையாது, அச்சுல ஊத்தின பிளாஸ்டிக். வெளிய பாலிஷ் இருக்காது. அவன் காசை மிச்சம் பிடிச்சது வெளியில, பேரல்லயும், தோட்டா உக்காருற அறையான சேம்பர்லயும் கை வைக்கல. சீப்பான ரைபிள்ல எது சீப்பா இருக்கலாம் எது இருக்கக் கூடாதுங்கிறது அதுலயே இருக்கு. ஆனா அது எதுவும் உங்க கைக்கு வராது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியாள் ஆர்டர் போட்டு இறக்குமதி பண்ண நம்ம நாட்டுல வழி இல்ல. கல்ஃப்லயும் அமெரிக்காவுலயும் இருக்கிற சொந்தக்காரங்க யார்கிட்டயும் சொல்லி விடாதீங்க, பையில ஒரே ஒரு தோட்டா கிடந்தாலே திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல நிப்பாட்டிருவாங்க.

இங்க லைசென்ஸுக்கு கிடைக்கிற போல்ட் ஆக்ஷன்னா பெரும்பாலும் நம்ம ஆர்டனன்ஸ் ஃபேக்டரி சரக்குதான், மேற்கு வங்காளத்துல இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரி. 2021 அக்டோபர்ல இருந்து அது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியாங்கிற அரசு கம்பெனிக்குக் கீழ வந்திருச்சு, தோட்டா செய்யுற ஃபேக்டரிகள் மியூனிஷன்ஸ் இந்தியாவுக்குக் கீழ. அவங்ககிட்ட .315 இருக்கு, தேர்ட்டி ஆட் சிக்ஸ்ங்கிற இன்னொரு தோட்டா அளவுலயும் ரைபிள் இருக்கு. உங்க அப்பா வெச்சிருக்கிறது முதல் வகை.

இந்த .315ஐ நம்ம ஊர்ல நிறைய பேரு த்ரீ நாட் த்ரீன்னே சொல்லுவாங்க, ஏன்னா பாக்க அதே முகம், லீ என்ஃபீல்டு வழியில வந்த ஆக்ஷன். ஆனா தோட்டா வேற. அது 8 மில்லிமீட்டர், கேஸ், அதாவது மருந்து இருக்கிற கூடு, நீளம் 50 மில்லிமீட்டர், அடியில ரிம்முன்னு ஒரு விளிம்பு உள்ளது, ஆஸ்திரியாக்காரன் 1890ல பட்டாளத்துக்குன்னு செஞ்ச மான்லிக்கர் தோட்டா. வெள்ளைக்காரன் காலத்துல சிப்பாய் சுடுற அதே தோட்டா சிவில் ஆளுங்க கையில புழங்கக் கூடாதுன்னு இதை இங்க கொண்டு வந்தாங்க, அவன் போயும் இது நின்னுடுச்சு. இன்னைக்கும் .303 தடை செய்யப்பட்ட போர், .315 அனுமதி உள்ளது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு எவனாவது .303 தோட்டா கொண்டு தந்தா கையில தொடாதீங்க, அது சட்டத்துக்கும் ஆபத்து, கண்ணுக்கும் ஆபத்து.

போல்ட் ஆக்ஷன்ல பழசுங்கிறது ஒரு குறையே கிடையாது தம்பி. அசையுற பாகம் கொஞ்சம்தான். கைப்பிடியைத் தூக்கி இழுத்தா காலி கேஸ் வெளிய வரும், தள்ளினா அடுத்த தோட்டா உள்ள போகும், கீழ அமுக்கினா லக்குகள், அதாவது போல்ட்ல துருத்திக்கிட்டு நிக்கிற காதுகள், ரிசீவர்ங்கிற உடம்புல போய் பூட்டிக்கிடும், அவ்வளவுதான். மவுசர் 1898ல போட்ட அமைப்பைத்தான் இன்னைக்கும் பாதி உலகம் கொஞ்சம் கொஞ்சம் மாத்திச் செய்யுது. பட்டாளத்துல என்னைவிட வயசான .303கள் என் மேசைக்கு வந்திருக்கு, பேரல் உள்ள கண்ணாடி மாதிரி மின்னும். நாலு வருஷத்துல நாசமான புது ரைபிளும் வந்திருக்கு. வயசு பாக்காதீங்க, பேரலுக்குள்ள பாருங்க.

அதுக்குத்தான் வாறேன். அப்பாவை உக்கார வெச்சு அவர் கையாலயே இதைச் செய்யச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, லைசென்ஸ் அவர் பேர்லதான் இருக்கு. மேகசினைக் கழட்டணும், போல்ட்டைத் திறந்து சேம்பர்ல சுண்டு விரலை விட்டு காலின்னு தடவிப் பாக்கணும், கண்ணால பாத்தது போதாது. தோட்டா எல்லாம் வேற அறையில இருக்கணும். அப்புறம் போல்ட்டை முழுசா வெளிய எடுத்துட்டு பின்பக்கத்துல இருந்து பேரல் வழியா வெளிச்சத்தைப் பாக்கணும், ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளைப் பேப்பரைப் பிடிச்சா போதும். பாக்குறதுக்கு முன்னால உலர்ந்த துணித் துண்டை புல்த்ரூங்கிற பேரல் துடைக்கிற கயித்துல கோத்து ரெண்டு தடவை இழுக்கணும், எண்ணெய் கிடந்தா எல்லா பேரலும் பளபளன்னுதான் தெரியும், அது ஏமாத்து. ரைபிளிங் வரி முனையில இருந்து முனை வரைக்கும் கூர்மையா சுத்திப் போகணும். அங்கங்க கறுப்பு புள்ளி தெரிஞ்சா துரு தின்ன குழி, கொஞ்சம் இருந்தா பரவாயில்ல, பழைய .315ல அது இல்லாத பேரல் குறைவு, குறியும் பெருசா கெடாது. ஆனா ஒரு இடத்துல மட்டும் வளையம் மாதிரி ஒரு நிழல் தெரிஞ்சா, அதுதான் பேரல் உப்பினது, உள்ள அடைப்பு கிடந்தப்ப எவனோ சுட்டிருக்கான். வெளியில விரலை வெச்சு மெல்ல ஓட்டினா அந்த இடத்துல மேடு தட்டும். அப்படி இருந்தா அந்த ரைபிள் அதோட முடிஞ்சுது, ரிப்பேர் கிடையாது.

அடைப்புன்னதும் ஒண்ணு சொல்லணும். நம்ம ஊர்ல குளவி எந்த ஓட்டையைப் பாத்தாலும் மண் கொண்டு அடைக்கும், சாவித் துவாரத்தையே விடாது. ஒரு தடவை ஒருத்தர் கடைக்கு ரைபிள் கொண்டு வந்தார், ரெண்டு வருஷமா மச்சுல வாய் மேல பாக்க நிக்க வெச்சிருந்தாராம், நான் ராடு விட்டா ஒரு சாண் இறங்கி நிக்குது. தட்டி எடுத்தா உலர்ந்த மண்கூடு, உள்ள புழு வெச்ச அறை அறையா. அவர் மறுநாள் அதை எடுத்துட்டு ஒரு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போறதா இருந்தார். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

பேரல் முடிஞ்சா முனை. குண்டு கடைசியா விட்டுப் போற அந்த விளிம்பு, க்ரவுன், அதுல ஒரு பக்கம் நசுங்கியோ தேஞ்சோ இருந்தா எவ்வளவு நல்ல பேரலா இருந்தாலும் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாது. முன்பக்கத்துல இருந்து ராடை விட்டு விட்டு துடைச்சே பாதி ரைபிள்கள்ல இது போயிருக்கும். நல்ல செய்தி என்னன்னா இது சின்ன ரிப்பேர்தான், ஆர்மரர் அரை மணி நேரத்துல திருப்பி வெட்டித் தருவான்.

போல்ட்ல இருக்கிற நம்பரும் ரிசீவர்ல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. இந்த ஆக்ஷன்ல பூட்டுற லக்குகள் போல்ட்டோட பின்பக்கம் இருக்கு, ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த ரிசீவருக்குன்னு பொருத்தி விட்டது, வேற ரைபிளோட போல்ட்டை மாட்டினா மூடும் திறக்கும், ஆனா ஹெட்ஸ்பேஸ் தப்பா இருக்கலாம், அடிக்கும்போது கேஸ் கிழிஞ்சு சூடு பின்னால வரும். நம்பர் ஒத்தாலும் ஹெட்ஸ்பேஸ் அளக்கிற கோ கேஜ், நோ கோ கேஜ் வெச்சு ஒரு தடவை பாத்துரணும், அது வீட்டுல நடக்காது, கடைக்கு வரணும். அப்புறம் சேஃப்டி. காலி ரைபிளை காக் பண்ணி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை நல்லா இழுத்து விட்டுட்டு, சேஃப்டியை எடுக்கும்போது ஃபயரிங் பின், அதாவது தோட்டாவை அடிக்கிற ஊசி, தானா விழக் கூடாது. விழுந்தா அதை அப்படியே கட்டிவெச்சு கடைக்குக் கொண்டு வாங்க. ட்ரிகர் ரெண்டு கட்டமா வரும், முதல்ல லேசா ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம்தான் விடும். அது குறை கிடையாது, பட்டாள ட்ரிகர் அப்படித்தான். லேசாக்குறேன்னு சொல்லி அரம் எடுக்கிறவன்கிட்ட கொடுத்துராதீங்க.

இப்ப நம்ம மாவட்டத்துக்குன்னே உள்ள ஒரு வியாதி. இங்க ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை, நடுவுல கடல் காத்து, வருஷத்துல இரும்பு உலர்ந்து கிடக்கிற நாளு கம்மி. அதுல ரைபிளை துணி உறைக்குள்ளயோ தோல் உறைக்குள்ளயோ போட்டு அலமாரியில வெச்சா உறை ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கிட்டு இரும்புக்கு ஊட்டும். ஸ்டாக்குக்கு அடியில, மரமும் இரும்பும் சேருற இடத்துல, வெளிய தெரியாமத் துரு பிடிக்கும், அதனாலதான் நான் ஸ்டாக்கைக் கழட்டாம எந்த .315க்கும் நல்லதுன்னு சொல்ல மாட்டேன். அடுத்து தேங்காண்ணெய். நம்ம வீட்டுல எல்லாத்துக்கும் அதுதானே, துப்பாக்கிக்கும் அதையே போட்டுருவாங்க, கொஞ்ச மாசத்துல அது போல்ட்டுக்குள்ள பிசினாகி ஃபயரிங் பின் ஸ்ப்ரிங்கைப் பிடிச்சுக்கிடும், அப்புறம் ட்ரிகர் இழுத்தா டிக்னு சத்தம் வரும், வெடிக்காது, தோட்டா மோசம்னு நினைச்சுக்குவாங்க. மெஷின் ஆயில் போடுங்க, லேசா, துடைச்சு எடுத்த மாதிரி. 1987ல வாங்கினதுன்னா அப்பாகிட்ட அந்தக் காலத்துத் தோட்டாவும் கிடக்கும், அதைச் சுட வேண்டாம். பழைய தோட்டாவுல பிரைமர் மருந்து, அதாவது அடியில தீப்பொறி கொடுக்கிற மருந்து, சுட்டப்புறம் பேரல்ல உப்பு விட்டுப் போகும், உப்பு எண்ணெய்க்குப் போகாது, கொதி தண்ணிக்குத்தான் போகும், பட்டாளத்துல நாங்க .303 பேரல்ல கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்தினது அதுக்குத்தான். அப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாருங்க, அவர் ஊத்தியிருந்தா அந்தப் பேரல் பிழைச்சிருக்கும்.

இவ்வளவும் பாத்து பேரலும் லக்கும் நல்லா இருந்தா நீங்க செலவழிக்க வேண்டியது சர்வீஸ் கூலியும் புதுத் தோட்டாவும்தான். ஸ்டாக்ல விரிசல், லூசான பேக்சைட், அதாவது பின்பக்கக் குறி, காலி கேஸை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் தேஞ்சது இதெல்லாம் காசு கேக்கிற குறைகள், ரைபிளை ஒதுக்க வேண்டிய குறைகள் இல்ல.

புரோக்கர் விஷயத்துக்கு பெருசா பேச ஒண்ணுமில்ல, வேண்டாம். லைசென்ஸ் உள்ள ஒருத்தர் தன் துப்பாக்கியை இன்னொருத்தருக்கு விக்கணும்னா கலெக்டர் ஆபீஸுக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழியணும், வாங்குறவர்கிட்ட அதுக்கான லைசென்ஸ் முன்னாலயே இருக்கணும். உங்க கையில இன்னும் லைசென்ஸே இல்ல, அப்ப அவன் எதை வெச்சு முடிச்சுத் தாறேன்னு சொல்லுகான்? லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷம், 5 வருஷம் வரைக்கும் போகும். வெளிய புதுசா கறுப்பு அடிச்சு, நம்பர் மேல உப்புத்தாள் போட்ட தடம் உள்ள ரைபிளை நான் பாத்திருக்கேன், வாங்கினவர் அழுதுட்டே நின்னார். இந்த 45 நாள் கணக்கு அப்பாவோட ரைபிளை விக்கணும்னாலும் பொருந்தும், அது ஞாபகம் இருக்கட்டும்.

அப்பா ரைபிள் உங்க பேருக்கு வாறதுக்கு நேரான வழி இருக்கு. ஆர்ம்ஸ் ரூல்ஸ் 2016ல 25வது விதி. லைசென்ஸ் வெச்சிருக்கிறவருக்கு 70 வயசு ஆனாலோ, 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வெச்சிருந்தாலோ, உயிரோட இருக்கும்போதே வாரிசுக்கு மாத்த மனு கொடுக்கலாம், உங்க அப்பாவுக்கு ரெண்டுமே பொருந்துது. அவர் சம்மதம் எழுதித் தரணும், உங்க பேர்ல தனி லைசென்ஸ் மனு போகணும், போலீஸ் வெரிஃபிகேஷன், மெடிக்கல் சர்டிஃபிகேட், துப்பாக்கியைப் பத்திரமா கையாளுற ட்ரெய்னிங் சர்டிஃபிகேட் எல்லாம் வேணும், நம்ம மாவட்டத்துக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்தான். லைசென்ஸ் 5 வருஷம். ஒருத்தர் பேர்ல ரெண்டு துப்பாக்கிக்கு மேல இப்ப கிடையாது. அதுல காரணம்னு கேக்கிற இடத்துல பன்னி சுடன்னு எழுதாதீங்க, அப்பாவோட ரைபிளை வாரிசா வாங்குறேன்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க. அப்புறம் எலெக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு ஒப்படைக்கச் சொல்லுவாங்க, மாசக்கணக்குல அங்க கிடக்கும், கொடுக்கிறதுக்கு முன்னால பேரல் உள்ள எண்ணெய் ஓட்டி, பேர் எழுதின சீட்டு கெட்டிக் கொடுங்க, ரசீது வாங்கிக்கிடுங்க.

ஒருவேளை அப்பா ரைபிள் பேரல் உப்பியோ லக் விரிஞ்சோ போயிருந்தா, அப்பவும் புது .315தான் என் யோசனை. தேர்ட்டி ஆட் சிக்ஸ் பலமான தோட்டா, 1906ல அமெரிக்கப் பட்டாளத்துக்கு வந்தது, தூரத்துக்கு நேரா போகும், ஆனா தோள்ல இடி அதிகம், தோட்டா விலையும் கூட. உங்களுக்கு அவ்வளவு தூரம் சுட இடமும் இல்ல. ரைபிளோட விலை ஒரு தடவைதான், தோட்டா விலை காலம் பூரா. குறி பழகணும்னு மட்டும் ஆசையா இருந்தா இருபத்திரண்டு போர் ஒண்ணு போதும், சத்தமும் குறைவு, செலவும் குறைவு, பழக்கம் எல்லாம் அதுலதான் வரும்.

ஸ்கோப் வேண்டாம். இந்த ஆக்ஷன்ல ஸ்கோப் மவுண்ட் உக்கார மேல இடம் கிடையாது, சைடுல துளை போட்டுத்தான் மாட்டணும், ரிசீவர்ல தெரியாதவன் துளை போட்டா ரைபிளும் போச்சு. 100 மீட்டருக்குள்ள இரும்பு சைட்டே போதும், ஃபோர்சைட் நுனியை பேக்சைட் நடுவுல கொண்டு வரப் பழகினவனுக்கு ஸ்கோப் தேவைப்படாது. உங்க அப்பா அப்படித்தான் பழகியிருப்பார். ரேஞ்சுல போய் ரெஸ்ட் வெச்சு 50 மீட்டர்ல அஞ்சு ரவுண்டு அடிச்சுப் பாருங்க, அஞ்சும் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுக்குள்ள விழுந்தா அந்த ரைபிள் நல்ல ரைபிள். மேகசின் நிறைக்கும்போது மேல வைக்கிற தோட்டாவோட ரிம் கீழ உள்ளதோட ரிம்முக்கு முன்னால உக்காரணும், மாறிப் போனா ஏறாமச் சிக்கும். ட்ரிகர் இழுத்து வெடிக்கலைன்னா உடனே போல்ட்டைத் திறக்காதீங்க, வாயை டார்கெட் பக்கமே வெச்சு ஒரு நிமிஷம் முழுசா காத்திருங்க, சில தோட்டா தாமதிச்சு வெடிக்கும்.

கடைக்கு கொண்டு வரும்போது அப்பாவும் கூட வரட்டும். சட்டப்படி அவர் எழுதிக் கொடுத்தா ரிப்பேருக்கு நீங்க மட்டும் கொண்டு வரலாம், ஆனா 1987ல இருந்து அதுல என்ன நடந்ததுன்னு அவருக்குத்தான் தெரியும், எனக்கு அவர்கிட்ட கேக்க நிறைய இருக்கு. ஒரிஜினல் லைசென்ஸ் புக், காலி மேகசின், போல்ட் மூணும் தனித்தனியா கெட்டி, மழைன்னா ரைபிளை பாலித்தீன் சுத்தி, வந்ததும் அவிழ்த்துருங்க. தோட்டா கொண்டு வர வேண்டாம்.